மாயக்கோட்டில் ஒரு பொட்டு மஞ்சள்

பறவைகளுக்குத் தன்னைத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்தான் நேசமலர் இரண்டு கோடைகாலமாக அந்தப் பாறையில் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தாறு வயது. இடது தோளில் தீராத வலி. காலில் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. இதை வைத்துக்கொண்டு என்ன ஆடிவிட முடியும் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் பழகிய கும்மியில் ஞாபகமிருந்த எட்டு அடிகளை ஆடலாம். கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாததால் அதைக் கால்கும்மி என்றுதான் சொல்லவேண்டும். சுற்றுலாக்காரர்களின் படகு வருமுன் காலையில் ஒரு தரம், அவர்கள் போன பிறகு மாலையில் ஒரு தரம்.

எதிரே இருபதடி தூரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில், நானூறு லொம்விகள் தோளோடு தோள் உரசி நிற்கும். லொம்வி என்பது கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்பவர்களைப் போல நிமிர்ந்து நிற்கிற கடற்பறவை. கூடு கட்டத் தெரியாது. வெறும் கல்லில் ஒரே ஒரு முட்டையிட்டு, அதைக் காலுக்கு மேல் வைத்துக்கொண்டு அடைகாக்கும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியது, மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல. நேசமலருக்குக் கணக்குப் படிப்பித்த பொன்னுத்துரை மாஸ்டரின் முகம் அப்படியே அதற்கு. ஆகவே அதன் பெயர் மாஸ்டர்.

தீவின் பெயர் ஆஸ்தோய். நோர்வேயின் வட முனையிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம். வேலணையில் பிறந்தவளுக்கு அங்கே என்ன வேலை என்றால், எல்லாம் மீன் செய்த வேலை. கரையிலிருந்த மீன் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கொட் மீனுக்கு முள்ளெடுத்தாள். வெள்ளை அங்கி, தலைக்கு வலை, வாய்க்கு முகமூடி. பதினொரு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த நோர்வேக்காரி, ஒரு நாள் கடையில் நேருக்கு நேர் கண்டும் இவளை ஆரென்று தெரியாமல் கடந்து போனாள். நேசமலர் அதற்குக் கோபிக்கவில்லை, பழகிப்போய்விட்டது. தோள் அசைய மறுத்ததும் தொழிற்சாலை வழியனுப்பி வைத்தது. பிறகுதான் இந்தத் தீவில் வழிகாட்டி வேலை கிடைத்தது. காலையில் எழும்பும்போதே சிரிப்பு வருகிற வேலை ஒன்று உலகத்தில் உண்டென்று அவள் அப்போதுதான் கண்டாள்.

முன்பெல்லாம் பறவை பார்க்க வருகிறவர்களைக் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்துவார்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம் கோட்டு வந்தது. மனிதக் கண்ணுக்கு அது தலைமூடி வைத்த சாம்பல் நிற மழைக்கோட்டு, அவ்வளவுதான். பறவைக் கண்ணுக்கு அப்படியொன்றே இல்லை. அதைப் போட்டவரும் இல்லை. அவருக்குப் பின்னாலுள்ள பாறையும் வானமுமே தெரியும். கயிற்றை அவிழ்த்தார்கள். குஞ்சு வாய் திறப்பதைக் கிட்ட நின்று பார்த்த பெரிய பெரிய மனிதர்களெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு படகேறினார்கள். ஒரு சிறகுகூடக் கலையாமல் உலகத்தைப் பார்க்கலாம் என்று பத்திரிகைகள் எழுதின. நேசமலர் அதற்கு மாயக்கோட்டு என்று பெயர் வைத்தாள்.

தீவில் ஏழு விளிம்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டி. ஏழாவது நேசமலருடையது. கோட்டு வந்த முதல் கோடையிலேயே மற்ற ஆறிலும் பறவை குறையத் தொடங்கியது. மறு கோடையில் பாதி காலி. இந்த ஜூனில் முதல் மூன்று விளிம்புகளும் துடைத்து வைத்த மேசை மாதிரி இருந்தன. ஏழாவதில் மட்டும் நிற்க இடமில்லாமல் பறவைகள் சண்டை பிடித்தன.

தீவின் காவல் அதிகாரி சிக்ரிட். இருபத்தெட்டு வருடமாக அந்தப் பறவைகளை எண்ணிக்கொண்டிருப்பவள். நெடு நெடுவென்ற உயரம். சிரிப்பை அளந்துதான் செலவழிப்பாள். ஒரு காலை அவள் ஏழாவது விளிம்புக்கு வந்து, நேசமலரின் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டச் சொன்னாள்.

"ஏன்?" என்று நேசமலர் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"நீ மீன் தொழிற்சாலையில் இருந்தவள். கழிவு மீனைக் கொண்டுவந்து இவற்றுக்குப் போடுகிறாய் என்று நினைக்கிறேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை."

பைக்குள் புட்டு இருந்தது. சம்பல் இருந்தது. விதியைப் பாருங்கள், அன்றைக்கென்று பொரித்த கருவாடும் இருந்தது. சிக்ரிட் கருவாட்டைப் பார்த்தாள், நேசமலரைப் பார்த்தாள்.

"அது எனக்கு!" என்றாள் நேசமலர். "வேண்டுமென்றால் நீயும் சாப்பிடு."

சிக்ரிட் சாப்பிடவில்லை. கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள். "மனிதர் கண்ணில் படாவிட்டாலும் நம் நடையும் மணமும் இவற்றை வதைக்கின்றன. அப்படித்தான் அறிக்கை எழுதப்போகிறேன். இந்தக் கோடையோடு சரி. அடுத்த வருடத்திலிருந்து தீவில் ஒரு மனிதக் காலும் படக்கூடாது. உன்னுடையதும், என்னுடையதும்." சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்ததை நேசமலர் கவனித்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டாமல் விட்டது அதனால்தான்.

அன்று மாலை அவள் ஆடவில்லை. "மாஸ்டர், எங்களைப் பிரிக்கப் போகினமாம்," என்று மட்டும் சொன்னாள். மாஸ்டர் தலையைச் சரித்தது. அப்போதுதான் அதன் காலடியில் முட்டை பொரிந்து ஒரு குஞ்சு வெளியே வந்திருந்தது.

அடுத்த வாரம் கோட்டைச் செய்தவரே வந்து இறங்கினார். ஏழாவது விளிம்பின் இரகசியத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி நிறுவனம் அனுப்பியிருந்தது. மூன்று ஸ்வெட்டருக்கு மேல் ஒரு ஜாக்கெட், அதற்கு மேல் மாயக்கோட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க உருண்டையான மனிதர். நேசமலரைக் கண்டதும் தமிழுக்குத் தாவினார்.

"வணக்கமுங்க்கா. நான் மருதாசலம். கோயமுத்தூருங்க. இந்தக் கோட்டு நம்ம செஞ்சதுதானுங்க."

"ஓ, நீரோ அந்த ஆள்! நல்ல கோட்டு தம்பி, குறை சொல்லேலாது. பொக்கற்தான் சின்னன்." அவள் கோட்டுப் பைக்குள் கையை நுழைத்துக் காட்டினாள்.

மருதாசலம் சிரித்துவிட்டார். "நீங்க மட்டும் என்னுங்க்கா புதுசாப் பண்றீங்க? இங்க மட்டும் இப்படி ஜேஜேன்னு இருக்குது?"

"என்னத்தைச் செய்யிறது? இருக்கிறன். கதைக்கிறன். சில நேரம் பாடுவன்." கும்மி விஷயத்தை அவள் நைசாக விழுங்கிவிட்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனா அளவு விளக்கொன்றை எடுத்து, அவளுடைய கோட்டை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். அதன் ஊதா வெளிச்சத்தில் தோள் சரி, முதுகு சரி. கழுத்துப்பட்டியைத் திருப்பியதும் உள்ளே ஒரு புள்ளி பளீரென்று பச்சை கலந்த மஞ்சளில் எரிந்தது. மருதாசலம் விளக்கை அணைத்தார், திரும்பப் போட்டார். மறுபடி எரிந்தது.

"என்னுங்க்கா இது?"

"மஞ்சள்."

"மஞ்சளா?"

"பின்னை? புது உடுப்புக்கு மஞ்சள் வைக்காமல் போடுறதே? உங்கட ஊரில வைக்கிறேல்லையோ? வருசா வருசம் புதுக் கோட்டு தருவினம், நானும் வைப்பன். வெளியில வைச்சால் வெள்ளைக்காரர் ஊத்தை எண்டு நினைப்பினம். அதுதான் கொலருக்கு உள்ளை வைச்சனான்."

"வெப்பமுங்க்கா, எங்கம்மாவும் வெப்பாங்க. ஆனா நீங்க கோட்டோட கண்ணு மேலயே வெச்சுட்டீங்களே!" மருதாசலம் பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார். "இந்த மடிப்புக்குள்ள இருந்து கடுகாட்டம் வெளிய எட்டிப் பாக்குது பாருங்க, இதுதான் கண்ணு. பின்னால என்ன இருக்குதுன்னு பாத்து முன்னால காட்டறது இதோட வேலைங்க. அதுல மஞ்சளைப் பூசினா, அதுக்கு உலகமே மஞ்சள், கோட்டு முழுக்க அதையேதான் காட்டும். பறவை நம்மளவிட ஒரு நிறம் அதிகமாப் பாக்கும். அதுங்க கண்ணுக்கு மஞ்சத்தூள் வெளிச்சத்துல ஒளி விடும். ரெண்டு வருசமா நீங்க இந்தப் பாறை மேல தீப்பந்தமாட்டம் நின்னுட்டு இருந்திருக்கீங்க!"

நேசமலருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் முதலில் ஞாபகம் வந்தது கும்மிதான்.

"அப்ப… நான் ஆடினதெல்லாம் பாத்திருக்குதுகளோ?"

"ஆடினீங்களா?"

"ஐயோ!" அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ரப்பர் சப்பாத்தோடு ஆடியது, மச்சாளைப் பற்றிப் பறவைகளிடம் திட்டித் தீர்த்தது, கருவாடு சாப்பிட்டு விரலைச் சூப்பியது எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. பிறகு இன்னொன்றும் வந்தது. போன வருடம் வேலணையில் அக்கா செத்த செய்தி வந்த அன்று, போய் முகம் பார்க்க வழியில்லாமல், இந்தக் கல்லில் இருந்து வாய்விட்டுக் கத்தி அழுதாள். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துத்தான் அழுதாள். நானூறு பேர் எதிரே நின்று பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அவள் கையை முகத்திலிருந்து எடுத்தபோது கண் நிறைந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

மருதாசலம் சிரிக்கவில்லை.

"அக்கா, உங்க கோட்டு வேலை செய்யலீங்க. மத்த ஆறு எடத்துலயும் நல்லா வேலை செஞ்சுது." அவர் வானத்தைப் பார்த்தார். மேலே, வெகு உயரத்தில், வெண்வால் கழுகொன்று வட்டமிட்டது. "அதுவும் பறவைதானுங்களே. அதுக்கும் நம்மளைத் தெரியாது. மனுசன் இருக்கற எடத்துக்குக் கழுகு வராது. மனுசனே இல்லைன்னு நான் காட்டிட்டேன். கழுகு வந்தா லொம்வி பயந்து கூட்டமாப் பறக்கும், காலுக்கடியில இருக்கற முட்டை உருளும், மிச்சத்தைக் கடற்காகம் பொறுக்கிட்டுப் போகும். இதுங்க நம்ம பக்கத்துல இருந்தது நம்மளைப் பொறுத்துக்கிட்டு இல்லீங்க்கா. நம்மளைக் காவலுக்கு வெச்சுட்டிருந்துதுங்க."

ஆறு வருடம் தூங்காமல் செய்த கோட்டு அது. பறவைக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்ற ஆசையில் செய்த கோட்டு. அவர் அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, குற்றவாளியைப் போலக் குனிந்திருந்தார். நேசமலர் அவர் முதுகில் தட்டினாள். "தெரிஞ்சு செய்தனீரே தம்பி? எழும்பும். சிக்ரிட்டிட்டைப் போவம்."

சிக்ரிட் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அழகான கதை," என்றாள். "மற்ற விளிம்புகளுக்குக் கழுகு வந்ததை நாங்களும் கண்டோம், கூட்டம் மெலிந்ததால் வருகிறது என்றுதான் எழுதிவைத்தேன். ஒரு விளிம்பு, ஒரு மஞ்சள் பொட்டு. இதை வைத்து நான் அறிக்கை எழுத முடியாது. நேசமலர் ஒரே ஒரு நாள் சுத்தமான கோட்டோடு அங்கே இருக்கட்டும். கழுகு வருகிறதா என்று நான் என் கண்ணால் பார்க்கவேண்டும்."

"வந்தால்? அங்கே குஞ்சுகள் இருக்கின்றன," என்றாள் நேசமலர்.

"வந்தால் தீவு திறந்திருக்கும். வராவிட்டால் மூடப்படும். என்னிடம் வேறு வழி இல்லை."

வியாழக்கிழமை சுற்றுலாப் படகை நிறுத்தினார்கள். மருதாசலம் கோட்டின் கண்ணை மூன்று தரம் துடைத்துக் கொடுத்தார். சிக்ரிட்டும் அவரும் எதிர்ப்பக்க மேட்டில் தொலைநோக்கியோடு படுத்துக்கொண்டார்கள். நேசமலர் தன் கல்லில் போய் உட்கார்ந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாகவே காணாமல் போய்.

உடனே வித்தியாசம் தெரிந்தது. வழக்கமாக அவள் வந்ததும் பறவைகள் ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கும். இன்று கழுத்தை நீட்டி நீட்டி, வெறுங்கல்லைப் பார்த்தன. மாஸ்டர் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பியது. வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் பொன்னுத்துரை மாஸ்டர் அப்படித்தான் பார்ப்பார். 'இஞ்சைதான் இருக்கிறன்' என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. இரண்டாவது மணி நேரத்தில் கழுகு இறங்கியது.

கதவுப் பலகை அகலத்துக்குச் சிறகு. அது அவசரப்படவே இல்லை. அவளுக்கு நேர் மேலாக, தலைமூடியில் காற்றுப்படப் பறந்து வந்தது. அவளை அது ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. விளிம்பின் மேல் மூலையில் நின்ற ஐம்பது அறுபது பறவைகள் ஒரே கத்தலோடு கடலில் பாய்ந்தன. பிந்தி இட்ட முட்டையொன்று, பச்சையில் கறுப்புப் புள்ளி போட்ட அழகான முட்டை, உருண்டு உருண்டு விளிம்பைத் தாண்டிக் கீழே போயிற்று. நேசமலர் அது விழுவதைப் பார்த்தாள். கழுகு இன்னொரு வட்டம் போட்டு மறுபடி வந்தது, இந்தத் தடவை கீழ் வரிசைக்கு. அங்கே மாஸ்டர் பறக்கவில்லை. இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சை மூடிக்கொண்டு நின்றது.

இடுப்பில் செருகியிருந்த ரேடியோவில் சிக்ரிட் ஏதோ சொல்லத் தொடங்கினாள். நேசமலர் கேட்கவில்லை. கோட்டைப் பிய்த்தெறிந்துகொண்டு எழும்பினாள். உள்ளே போட்டிருந்தது மச்சாள் பின்னி அனுப்பிய வாடாமல்லி நிறக் கம்பளிச் சட்டை. ஆயிரம் திட்டுத் திட்டினாலும் மச்சாளின் நிறத் தெரிவு அன்றைக்குக் கைகொடுத்தது.

"அடேய் மூதேவி! போடா அங்காலை! ஆரின்ரை வீட்டுக்குள்ளையடா பூருறாய்?"

இடது கை மேலே போயிருந்தது. பத்து வருடமாகத் தோளுக்கு மேல் போகாத கை. வலி பிறகுதான் தெரிந்தது. ஒன்றுமில்லாத வெளியில் திடீரென்று ஒரு வாடாமல்லி நிறப் பெண் முளைத்துக் கத்தினால் எந்தக் கழுகுதான் நிற்கும்? அந்தரத்தில் தடுமாறி, ஒரு பக்கமாகச் சரிந்து, கடலைப் பார்க்கத் திரும்பிப் போயே போய்விட்டது. கடலில் பாய்ந்த பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கின. மாஸ்டர் சிறகை மடக்கியது. அதன் காலடியிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

சிக்ரிட் மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஒப்பந்தத்தை மீறியதற்குத் திட்டப்போகிறாள் என்று நேசமலர் காத்திருந்தாள். சிக்ரிட் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். "இருபத்தெட்டு வருடம் எண்ணினேன்," என்றாள். "எதை எண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை."

அதே வாரம் எல்லா மாயக்கோட்டும் பெட்டிக்குள் போயிற்று. கயிறு திரும்ப வந்தது, ஆனால் முன்னைவிடக் கிட்டத்தில். வருகிறவர்கள் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் உடுத்தி வரவேண்டும், ஒளிந்து நிற்கக்கூடாது என்று சிக்ரிட் துறைமுகத்தில் பலகை வைத்தாள். காலியாய்க் கிடந்த ஆறு விளிம்புகளுக்கும் வழிகாட்டிகள் செம்மஞ்சளும் சிவப்புமாகப் போய், வெறுங்கல்லுக்குக் காவல் இருந்தார்கள். இரண்டாவது வாரம் ஆறாவது விளிம்பில் ஒரு சோடி வந்து இறங்கி, வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவர்களைப்போல மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்த்துவிட்டுப் போனது.

ஜூலை நடுவில் குஞ்சுகள் குதிக்கும் நாள் வந்தது. லொம்விக் குஞ்சுக்கு மூன்று வாரத்தில் பறக்க வராது. ஆனாலும் குதித்தே ஆகவேண்டும். அப்பன் முதலில் கடலில் இறங்கிக் கீழேயிருந்து கூப்பிடும். அந்தக் குரலை நம்பிக் குஞ்சு நூற்றைம்பது அடி உயரத்திலிருந்து விழும். பிறகு இருவருமாக நீந்திப் போய்விடுவார்கள். அடுத்த வசந்தம் வரைக்கும் கரை கிடையாது.

அன்று மாலை விளிம்புக்கு எதிரே ஊரே கூடியிருந்தது. மருதாசலம் கிளிப்பச்சையில் வந்திருந்தார். சிக்ரிட் புத்தம் புதிதாக ஒரு சிவப்பு ஜாக்கெட் வாங்கியிருந்தாள். ஆனால் போடவில்லை, கையில் வைத்துக்கொண்டு நேசமலருக்குப் பக்கத்தில் வந்து தயங்கினாள்.

"இது புதுசு. அந்தப் பொடி உன்னிடம் இருக்கிறதா?"

நேசமலர் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். காகிதச் சரையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, எச்சில் தொடாமல் கடல் தண்ணீரில் குழைத்து, சிவப்பு ஜாக்கெட்டின் முன்பக்கத்திலேயே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள். சிக்ரிட் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, இன்னைக்கு ஆடலீங்களா?" என்றார் மருதாசலம்.

"விசரே உமக்கு? எல்லாரும் பாக்கினம்."

"ரெண்டு வருசமாப் பாத்துட்டுத்தானுங்களே இருந்தாங்க."

மாஸ்டர் கடலில் இறங்கிவிட்டது. கீழே, அலைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளியாக நின்று கூப்பிட்டது. குஞ்சு விளிம்புக்கு வந்தது, எட்டிப் பார்த்தது, பின்வாங்கியது. மறுபடி வந்தது. மறுபடி பின்வாங்கியது. நேசமலரால் பொறுக்க முடியவில்லை. முதல் அடியை வைத்தாள். கையும் தானாக எழும்பிக் கொட்டியது. எட்டு அடியையும், ஐம்பது பேருக்கும் நானூறு பறவைக்கும் முன்னால், ரப்பர் சப்பாத்தோடு ஆடினாள். எட்டாவது அடியில் குஞ்சு குதித்தது.

உருட்டிவிட்ட பஞ்சு மாதிரி அது விழுந்தது. பாறையில் ஒரு தரம் பட்டு எழும்பியது. தண்ணீரில் சின்னதாக ஒரு தெறிப்பு. அப்பன் குரல், பிள்ளை குரல், இரண்டும் ஒன்றாகின. சனம் கைதட்டிய சத்தத்தில் சிக்ரிட் சிரித்தது நேசமலருக்கு மட்டும்தான் கேட்டது.

"போயிட்டு வாங்கோ மாஸ்டர்," என்றாள்.

இரண்டு புள்ளிகளும் வடக்கே போகத் தொடங்கின. கொஞ்சத் தூரம் போனதும் கண்ணாடிக்காரர் ஒரு தரம் கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்தார். நேசமலர் தெரிகிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.